ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் நாடும் இசையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலிம்பிக், ஆசியப் போட்டி, காமன்வெல்த், உலகக் கோப்பை என எது வந்தாலும் அதைத் தொடங்கிவைக்க ஒரு பெரிய விழா நடக்கிறது. விளையாட்டில் ஈடுபாடு இல்லாதவர்கள்கூட அன்று தொலைக்காட்சி முன்னால் உட்காருகிறார்கள். அந்தச் சில மணி நேரத்தில் ஒரு நாடு தன்னை எப்படிக் காட்டிக்கொள்கிறது, எந்த இசையைத் தன்னுடையது என்று முன்வைக்கிறது என்பது பற்றி வழக்கமாக எழும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் இசையின் பக்கம் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்திருக்கும். உடையையும் ஒளியையும் விலை கொடுத்து வாங்கிவிடலாம். ஒரு ஊரின் பாட்டை அந்த ஊர்க்காரர்தான் பாட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தொடக்க விழாவில் எதெல்லாம் கட்டாயம்? எதில் நடத்தும் நாட்டுக்குச் சுதந்திரம் உண்டு?

ஒலிம்பிக்கில் சில சடங்குகளைத் தவிர்க்க முடியாது. வீரர்களின் அணிவகுப்பில் கிரீஸ் முதலில் வரும், நடத்தும் நாடு கடைசியில் வரும். ஒலிம்பிக் கொடியேற்றம், ஒலிம்பிக் கீதம், உறுதிமொழி, போட்டிகள் தொடங்கியதாக நாட்டின் தலைவர் அறிவிப்பது, ஜோதி ஏற்றுவது ஆகியவையும் உண்டு. அந்தக் கீதம் 1896 ஏதென்ஸ் போட்டிக்காக உருவானது. இசை ஸ்பைரிடான் சமராஸ், வரிகள் கவிஞர் கோஸ்டிஸ் பலாமாஸ். ஆனால் 1958-இல்தான் அது அதிகாரபூர்வ கீதம் ஆனது.

மீதி நேரம் முழுவதும் நடத்தும் நாட்டின் கையில். கட்டாயப் பகுதிகளுக்குள்ளேயும் மண்ணின் சாயல் வந்துவிடும். அணிவகுப்பில் நாடுகளை அழைக்கும் வரிசையையே பாருங்கள். ஏதென்ஸ் 2004-இல் கிரேக்க அகரவரிசையைப் பின்பற்றியது. பெய்ஜிங் 2008-இல் நாட்டின் பெயரைச் சீனத்தில் எழுதும்போது முதல் எழுத்துக்கு எத்தனை கோடுகள் என்ற கணக்கில் வரிசை அமைந்தது. வழக்கமாக முன்னாலேயே வந்துவிடும் ஆஸ்திரேலியா அன்று ஏறக்குறையக் கடைசியில் வந்தது.

ஓட்டப் பந்தயத்துக்கும் நீச்சலுக்கும் எதற்கு இவ்வளவு பெரிய கலைவிழா?

இது ஒரே நாளில் வந்து சேர்ந்ததல்ல. 1908 லண்டனில் நாடுகளின் அணிவகுப்பு, 1920 ஆன்ட்வெர்ப்பில் கொடியும் உறுதிமொழியும், 1928 ஆம்ஸ்டர்டாமில் சுடர், 1936 பெர்லினில் ஜோதி ஓட்டம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1912 முதல் 1948 வரை இசை, கவிதை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கும் பதக்கம் கொடுத்தார்கள் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும்.

பெர்லினில் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தாம் இசையமைத்த ஒலிம்பிக் பாடலைத் தாமே நடத்தினார். பார்வையாளர் மாடத்தில் ஹிட்லர் இருந்தார். ஒரு விழாவும் அதன் இசையும் ஓர் அரசின் விளம்பரப் பலகை ஆகிவிட முடியும் என்பதற்கு அதைவிடக் கசப்பான சான்று கிடையாது. பின்னர் தொலைக்காட்சி வந்ததும் விழாவின் அளவே மாறியது. 1984 லாஸ் ஏஞ்சலஸில் 84 பெரிய பியானோக்களை ஒன்றாக வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் இசையை வாசித்தார்கள். ‘இதைவிடப் பெரிதாக என்ன செய்வது’ என்ற போட்டி அங்கிருந்துதான் சூடுபிடித்தது என்று நினைக்கிறேன்.

என்ன காட்டுவது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

போட்டியை நடத்தும் அமைப்புக் குழு ஓர் இயக்குநரை நியமிக்கும். பெரும்பாலும் திரைப்படத்திலோ நாடகத்திலோ நடனத்திலோ பெயர் பெற்றவர்கள். ஏதென்ஸில் நடன அமைப்பாளர் டிமிட்ரிஸ் பாபயோவானு, பெய்ஜிங்கில் சாங் யீமோ, 2012 லண்டனில் டேனி பாயல், 2024 பாரிஸில் நாடக இயக்குநர் தோமா ஜோலி. 2016 ரியோவில் ஃபெர்னாண்டோ மெய்ரெல்லெஸும் வேறு இருவரும் சேர்ந்து இயக்கினார்கள்.

இயக்குநரின் கனவு அப்படியே மேடையேறும் என்று எண்ண வேண்டாம். அரசின் விருப்பம், ஒலிம்பிக் குழுவின் விதிகள், ஒளிபரப்பு நிறுவனங்களின் நேரக் கணக்கு, பாதுகாப்பு, பணம் ஆகிய எல்லாம் குறுக்கே வரும். மேடையை நிரப்புபவர்களில் பெரும்பாலோர் தொழில்முறைக் கலைஞர்களும் அல்லர். லண்டனில் 7,500 தன்னார்வலர்கள் மாதக்கணக்கில் ஒத்திகைக்கு வந்தார்கள். ஆசிரியர், ஓட்டுநர், மாணவர், ஓய்வு பெற்றவர் என்று யார் யாரோ வந்தார்கள். அந்தக் கூட்டத்தின் முகங்களே ஒரு நாட்டைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகின்றன.

‘இதுதான் எங்கள் இசை’ என்று ஒரு நாடு எப்படி முடிவு செய்கிறது?

இதுதான் எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. எந்த நாட்டுக்கும் ஒரே இசை கிடையாது. எதைத் தேர்ந்தாலும் விடுபட்டவர்கள் இருப்பார்கள்.

1992 பார்சிலோனாவை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுலகுக்கு ஸ்பெயின் என்றால் தெற்கு ஸ்பெயினின் ஃபிளமெங்கோ பாட்டும் ஆட்டமும்தான். ஆனால் பார்சிலோனா கட்டலோனியாவின் தலைநகரம். அங்கே மக்கள் ஆடுவது சர்தானா, கைகோத்து வட்டமாக நின்று ஆடும் நிதானமான ஆட்டம். ஜெனரல் ஃபிராங்கோவின் ஆட்சியில் கட்டலான் மொழி பொது வாழ்விலிருந்து விரட்டப்பட்டிருந்தது. அவர் இறந்து 17 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜூலை 25 அன்று மொன்ஜுயிக் குன்றின் மேலுள்ள மைதானத்துக்குள் ஸ்பெயின் மன்னர் ஹுவான் கார்லோஸ் நுழைந்தபோது கட்டலோனியாவின் கீதம் ஒலித்தது. அதன் பிறகுதான் ஸ்பெயினின் தேசிய கீதம். மன்னர் முதலில் வரவேற்றதும் கட்டலான் மொழியில்தான். அந்த ஒலிம்பிக்கின் நான்கு அலுவல் மொழிகளில் கட்டலானும் ஒன்று. சர்தானாவும் இருந்தது, மனிதர் மேல் மனிதர் ஏறி நிற்கும் கட்டலான் கோபுரங்களும் இருந்தன, கிறிஸ்டினா ஓயோஸின் ஃபிளமெங்கோவும் இருந்தது. எதையும் மறைக்காமல், எதை எதற்குப் பிறகு வைப்பது என்ற வரிசையிலேயே ஓர் அரசியல் சிக்கலைக் கௌரவமாகக் கையாண்டார்கள். இத்தனை ஆண்டுகளில் இதற்கு இணையான நேர்த்தியை நான் வேறு விழாவில் காணவில்லை.

இன்னோர் உதாரணம் 2018 பியோங்சாங். கொரியாவின் ‘அரிராங்’ ஒரே பாட்டு அல்ல. ஊருக்கு ஊர் வரியும் மெட்டும் மாறும் நாட்டுப்புறப் பாட்டுக் குடும்பம். விழா நடந்த காங்வோன் மாகாணத்தின் ஜோங்சோன் பகுதிக்கும் சொந்தமாக ஓர் அரிராங் உண்டு. மலையில் வெட்டிய மரத்தைத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் ஓட்டிச் சென்ற தொழிலாளர்கள் பாடிய பாட்டு அது. பொதுவாகத் தெரிந்த மெட்டை விட்டுவிட்டு, கிம் நாம்-கி என்ற முதிய பாடகரை அழைத்து வந்து அந்த வட்டாரப் பாட்டைப் பாடவைத்தார்கள். தெப்பம் வெண்பூக் காட்டினூடே மிதப்பதுபோலக் காட்சி அமைத்திருந்தார்கள். அலங்காரம் எதுவுமில்லாத, கரகரத்த, நீட்டி இழுத்த குரல். உலகமெங்கும் கே-பாப் கேட்கும் காலத்தில் அப்படியொரு குரலுக்கு இடம் கொடுத்த துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும். பின்னர் தென் கொரிய, வட கொரிய வீரர்கள் ஒரே கொடியின் கீழ் நடந்து வந்தபோது ஒலித்ததும் அரிராங்தான். இரு பக்கமும் சண்டையின்றி ஏற்றுக்கொள்ளும் பாட்டு அது.

பெய்ஜிங் 2008 முரசுகளைப் பற்றி ஏன் இன்றும் பேசுகிறார்கள்?

2008-ஆம் ஆண்டு, 2,008 பேர், 2,008 முரசுகள். எண்ணிக்கை மட்டும் என்றால் மறந்திருப்போம். அவர்கள் வாசித்தது ‘ஃபோ’ என்ற பழஞ்சீனத் தாளக்கருவியின் வடிவில் செய்த பெட்டிகள். மேற்பரப்பில் கை பட்டதும் ஒளிரும். இருட்டு மைதானத்தில் வரிசை வரிசையாக ஒளி எழும்பி, விழா தொடங்கும் நொடிகளைச் சீன எண்ணாகவும் நமக்குத் தெரிந்த எண்ணாகவும் எழுதிக் காட்டின. தொலைதூர நண்பர்கள் வருவது எவ்வளவு மகிழ்ச்சி என்ற கன்ஃபூசியஸின் வாக்கை எல்லோரும் ஒரே குரலில் முழங்கினார்கள். தாளம், எண், சொல் என மூன்றும் ஒரே கருவியிலிருந்து பிறந்தன.

அசாத்தியமான ஒழுங்கு. ஆனால் அத்தனை பேரில் ஒருவரின் வாசிப்பு மற்றவருடையதிலிருந்து துளியும் விலகவில்லை. அதைப் பார்த்து வியந்தவர்களும் உண்டு, அஞ்சியவர்களும் உண்டு. எனக்கு வியப்பே மிகுதி. என்றாலும் நான்கு ஆண்டுகள் கழித்து லண்டனில் தாளவாத்தியக் கலைஞர் இவெலின் கிளென்னியின் தலைமையில் ஏறக்குறைய ஆயிரம் தன்னார்வலர்கள் அடித்த முரசுதான் நெஞ்சில் நிற்கிறது. பலர் கையில் இருந்தவை கவிழ்த்த வாளிகளும் குப்பைத் தொட்டிகளும். பசும்புல் வயல் நடுவே ஆலைப் புகைபோக்கிகள் எழும்பிய தொழிற்புரட்சிக் காட்சிக்கு அந்தத் தட்டுமுட்டு ஓசை அவ்வளவு பொருத்தம்.

சத்தமும் பிரம்மாண்டமும் இல்லாமல் இந்த விழாக்களில் எதையாவது சொல்ல முடியுமா?

1988 சியோலில் சொன்னார்கள். வானிலிருந்து குதித்தவர்கள், தற்காப்புக் கலை வீரர்கள் என்று மைதானம் அதிர்ந்து ஓய்ந்த பிறகு எல்லாம் நின்றது. வெள்ளை உடையில் ஒரு சிறுவன் புல்தரையின் குறுக்கே ஒரு வளையத்தைக் குச்சியால் உருட்டிக்கொண்டு தனியே ஓடி வந்தான். இசை இல்லை, வர்ணனை இல்லை. நடுவில் நின்று கையசைத்தான், பிறகு ஓடிப்போனான். அவ்வளவுதான்.

1981-இல் சியோலுக்கு ஒலிம்பிக் என்று அறிவித்த அதே நாளில் பிறந்த சிறுவன் அவன். யோசனை இலக்கிய விமர்சகர் லீ ஓ-யங்குடையது. போரும் வறுமையும் கண்ட நாடு என்றுதான் உலகம் கொரியாவை அறிந்திருந்தது. அந்தப் படிமத்துக்கு எதிராக அவர் நிறுத்தியது விளையாடும் ஒரு குழந்தையை. அதே விழாவின் அதிகாரபூர்வப் பாட்டுக்கு இசையமைத்தவர் இத்தாலியரான ஜியோர்ஜியோ மொரோடர். நல்ல பாட்டு, விற்பனையிலும் சாதித்தது. ஆனால் கொரியர்கள் இன்றும் முதலில் நினைவுகூர்வது வளையம் உருட்டிய சிறுவனைத்தான்.

ரியோ 2016-உம் நினைவுக்கு வருகிறது. பணத் தட்டுப்பாட்டில் நடந்த விழா. பிரேசிலின் தேசிய கீதம் ஆரவாரமான ராணுவ நடைக்கு எழுதப்பட்டது. அதை சம்பா பாடகர் பாவ்லின்யோ த வியோலா, கையில் கிட்டாரும் பக்கத்தில் சில தந்தி வாத்தியக்காரர்களுமாக அமர்ந்து, மெல்லப் பாடினார். தேசிய கீதத்தை இப்படியும் பாடலாம் என்று அன்றுதான் பலர் உணர்ந்திருப்பார்கள்.

பாடுவதும் வாசிப்பதும் நேரடியாகவா, பதிவா?

பெரும்பாலும் கலவை. முன்கூட்டியே பதிவு செய்த இசை பல இடங்களில் ஓடும். அதன் மேல் சிலர் நேரடியாகப் பாடுவார்கள்.

காரணம் வெறும் சோம்பல் அல்ல. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. மைதானத்தின் ஒரு முனையில் அடித்த முரசு 170 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதை எட்ட அரை நொடி ஆகும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற வேகத்தில் அரை நொடி என்றால் ஒரு தட்டு முழுதாகப் பின்தங்கிவிடும். அதனால்தான் ஆயிரம் பேர் சேர்ந்து வாசிக்கும்போது ஒவ்வொருவர் காதிலும் சிறு கருவி வைத்துத் தாளத்தை நேரே அனுப்புகிறார்கள். அதோடு மழை, காற்று, குளிர். நனைந்த வயலின் சரியாகப் பேசாது.

2006-இல் இத்தாலியின் தூரினில் ஓபரா பாடகர் பாவரொட்டி பாடியது பதிவு என்பதை அதன் இசை நடத்துநரே பின்னர் எழுதினார். நோயுற்றிருந்த அவரால் அந்தக் குளிரில் பாட முடியவில்லை. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சிட்னி 2000-இல் சிட்னி சிம்பொனி இசைக்குழு வாசிப்பதாக உலகம் பார்த்தது பதிவுக்கு ஏற்ற பாவனை. பதிவின் ஒரு பகுதி மெல்பர்ன் இசைக்குழு வாசித்தது. எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் அது வெளியே வந்தது.

பெய்ஜிங்கில் நடந்ததுதான் உண்மையில் வலிக்கிறது. சிவப்பு உடையில் ஒரு சிறுமி பாடுவதுபோல் தோன்றினாள். குரல் வேறொரு ஏழு வயதுச் சிறுமியுடையது. இதை வெளியிட்டவர் விழாவின் இசை இயக்குநர் சென் சீகாங். நாட்டின் தோற்றம் நன்றாக அமைய வேண்டும் என்பதற்காகச் செய்தது என்று விளக்கினார். பாடிய குழந்தையின் முகம் போதவில்லை என்று ஒரு நாடு முடிவு செய்ததை எந்த விளக்கமும் சரிக்கட்டாது.

பழங்குடி மக்களின் பண்பாட்டை இந்த விழாக்கள் மரியாதையோடு கையாள்கின்றனவா?

சில நேரம் ஆம். பல நேரம் அது வெறும் அலங்காரம்.

கனடாவே இரண்டுக்கும் சாட்சி. 1976 மான்ட்ரியால் நிறைவு விழாவில் பழங்குடியினரோடு, பழங்குடியினர் அல்லாத நடனக்காரர்களும் அவர்களைப்போல் வேடமிட்டு ஆடினார்கள். 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் லில்வாட், மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லைல்வாட்டுத் ஆகிய நான்கு மக்களும் போட்டியை நடத்துபவர்களாகவே இடம் பெற்றார்கள். அவர்கள் தத்தம் மொழியில் உலகை வரவேற்றார்கள். 34 ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம் கனடா அரசு மனமுவந்து அளித்த பரிசு அல்ல. அந்த மக்கள் போராடி வாங்கியது.

1994-இல் நார்வேயின் லில்லெஹாமரில், வட ஐரோப்பியப் பழங்குடியான சாமி இனத்தின் கவிஞர் நில்ஸ்-அஸ்லாக் வல்கெயபா பனியில் நின்று யோய்க் பாடினார். ஒரு மனிதரையோ விலங்கையோ இடத்தையோ குரலாலேயே வரைந்து காட்டும் பாடல்முறை அது. ஒரு காலத்தில் கிறித்தவப் போதகர்கள் அதைப் பாவம் என்று தடுத்திருந்தார்கள். சிட்னி 2000-இல் ஆஸ்திரேலியப் பழங்குடியினருக்கான பகுதியை இயக்கியவர்களில் ஸ்டீஃபன் பேஜும் ஒருவர், அவரே பழங்குடி நடன அமைப்பாளர். அன்று ஜோதியை ஏற்றியவர் கேத்தி ஃப்ரீமன். சில நாள்களில் 400 மீட்டரில் தங்கமும் வென்றார்.

இதற்கு நேரெதிராக, பெய்ஜிங்கில் 56 இனக்குழுக்களின் குழந்தைகள் என்று அணிவகுத்து வந்தவர்களில் பெரும்பாலோர் சீனாவின் பெரும்பான்மையான ஹான் இனத்தவர்கள். மற்ற இனங்களின் உடையை அணிந்திருந்தார்கள். நான் பார்க்கும் அளவுகோல் எளியது. உடை யாருடையதோ அவரே அதற்குள் இருக்கிறாரா? பாட்டு யாருடையதோ அவர்தான் பாடுகிறாரா?

வெளிநாட்டில் இருந்து பார்ப்பவர்களுக்கு இவையெல்லாம் புரியுமா?

எல்லாம் புரியாது. ஒவ்வொரு பகுதியின் பொருளையும் விளக்கும் கையேட்டை வர்ணனையாளர்களுக்கு முன்கூட்டியே கொடுப்பது வழக்கம். அதைப் படிப்பவர் படிப்பார், படிக்காதவர் விழா முழுவதும் ‘கண்கொள்ளாக் காட்சி’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பார்.

லண்டனில் அரசு மருத்துவச் சேவையைப் பற்றி நீண்ட காட்சி வந்தது. உண்மையான செவிலியர்களும் மருத்துவர்களும் கட்டில்களைத் தள்ளிக்கொண்டு ஆடினார்கள். பல நாட்டு வர்ணனையாளர்கள் குழம்பினார்கள். பிரிட்டன்காரர்கள் அழுதார்கள். இலவச மருத்துவத்தைத் தங்கள் பண்பாட்டின் ஒரு பகுதியாக அவர்கள் கருதுவதை அந்த ஒரு காட்சி காட்டியது. சொந்த மக்களை நோக்கி உண்மையாகப் பேசும் விழாவையே வெளியாரும் நீண்ட நாள் நினைவில் வைத்திருக்கிறார்கள். வெளியாருக்காக மட்டுமே சமைத்த விழா ஒரு வாரத்தில் மறந்துபோகிறது.

கங்காரு, சம்பா, யானை போன்ற தேய்ந்த அடையாளங்களைத் தவிர்க்க முடியாதா?

நிறைவு விழாவில் அடுத்த நகரத்துக்குக் கொடியை ஒப்படைக்கும்போது, அந்த நகரம் சில நிமிடங்களில் தன்னை அறிமுகம் செய்ய வேண்டும். அங்கேதான் தேய்ந்த அடையாளங்கள் குவியும். 1996 அட்லாண்டாவில் சிட்னி அனுப்பியது சைக்கிளில் வந்த காற்றடைத்த கங்காருகளை. ஆஸ்திரேலியாவிலேயே அதற்குக் கண்டனம் எழுந்தது.

தேய்ந்த அடையாளத்தையும் உயிரோடு காட்ட முடியும் என்பதற்கு, 2012 லண்டன் நிறைவு விழாவில் ரியோ தந்த சில நிமிடங்கள் போதும். சம்பா இல்லாமல் ரியோ இல்லை, சரி. ஆனால் அவர்கள் முதலில் அனுப்பியது இறகுக் கிரீடம் அணிந்த அழகியை அல்ல. ரெனாட்டோ சொரிசோ என்ற துப்புரவுத் தொழிலாளியை. சம்பா ஊர்வலம் முடிந்த தெருவைக் கூட்டும்போது துடைப்பத்தோடு ஆடி ஊரறிந்தவர் அவர். ஆரஞ்சு நிறச் சீருடையில், துடைப்பத்தோடு, முகம் நிறையச் சிரிப்போடு ஒலிம்பிக் மைதானத்துக்குள் ஆடியபடி வந்தார். பாதுகாவலர் ஒருவர் வெளியேற்ற வருவதுபோல் வந்து கடைசியில் அவரிடமே ஆட்டம் கற்றுக்கொள்வார். சம்பா யாருடையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

உலகக் கோப்பை கால்பந்துப் பாடல்கள் ஏன் நடத்தும் நாட்டைப் போலவே ஒலிப்பதில்லை?

அங்கே பாட்டு ஒரு சர்வதேசச் சந்தைப் பொருள். 2010 தென்னாப்பிரிக்கப் போட்டிக்கு ‘வாகா வாகா’வைப் பாடியவர் கொலம்பியாவின் ஷகீரா. உடன் பாடியது தென்னாப்பிரிக்காவின் ஃப்ரெஷ்லிகிரவுண்ட் குழு. அதன் உயிரான பல்லவி கேமரூனின் கோல்டன் சவுண்ட்ஸ் குழு 1980-களில் பாடிய பாட்டிலிருந்து வந்தது. ஆப்பிரிக்க மண்ணில் நடக்கும் முதல் உலகக் கோப்பைக்கு ஏன் ஓர் ஆப்பிரிக்கர் முன்னணிக் குரலாக இல்லை என்று அப்போதே கேட்டார்கள். நியாயமான கேள்வி. 2014-இல் பிரேசிலியர்களும் தங்கள் போட்டியின் பாடலைக் கேட்டு இதே குறையைச் சொன்னார்கள். சம்பாவும் போசா நோவாவும் பிறந்த நாட்டின் பாட்டில் போர்த்துகீசிய வரிகள் கொஞ்சமே இருந்தன.

பாரிஸ் 2024 விழாவில் என்ன சர்ச்சை?

விழா மைதானத்தில் நடக்காமல் செய்ன் ஆற்றின் மேல் சுமார் ஆறு கிலோமீட்டர் நீளத்துக்கு நடந்தது. கொட்டும் மழையில் வீரர்கள் படகுகளில் வந்தார்கள். ஒரு விருந்துக் காட்சி இயேசுவின் கடைசி இராவுணவைக் கேலி செய்வதாகச் சிலர் புண்பட்டார்கள். கிரேக்கக் கடவுள் டயோனிசஸின் விருந்துதான் அது என்றார் ஜோலி. புண்பட்டவர்களிடம் ஏற்பாட்டாளர்கள் வருத்தம் தெரிவித்தார்கள். செய்திகளெல்லாம் அதைச் சுற்றியே ஓடின.

இசையைப் பொறுத்தவரை அந்த இரவின் முக்கியமான நிகழ்வு வேறு. ஆயா நகமுரா மாலியில் பிறந்து பாரிஸ் புறநகரில் வளர்ந்த பாடகி. அவர் பாடப்போகிறார் என்ற செய்தி கசிந்ததுமே தீவிர வலதுசாரிகள் அவரது நிறத்தையும் மொழியையும் தாக்கினார்கள். அவர் பாடும் பிரெஞ்சில் தெருமொழியும் ஆப்பிரிக்கச் சொற்களும் கலந்திருக்கும். விழாவில் அவர் எங்கிருந்து வந்தார் தெரியுமா? பிரெஞ்சு மொழியின் காவல் அமைப்பான பிரெஞ்சு அகாதமி இயங்கும் கட்டடத்திலிருந்து, பொன்னிற உடையில். எதிரே பாலத்தின் மேல் குடியரசுக் காவல்படையின் இசைக்குழு. சிறிது நேரத்தில் சீருடை அணிந்த அந்தப் படையினர் அவரைச் சுற்றி நின்று அவர் பாட்டுக்கு வாசித்து ஆடினார்கள். யாருடைய பிரெஞ்சு, யாருடைய பிரான்ஸ் என்ற நீண்ட வாதத்துக்கு அது முழக்கம் எதுவும் இல்லாத பதில்.

இந்தியா நடத்திய விழாக்கள் எப்படி இருந்தன?

1982 டெல்லி ஆசியப் போட்டிக்கு வரவேற்புப் பாடலை இசையமைத்தவர் பண்டிட் ரவிசங்கர். அப்பு என்ற யானைக்குட்டிச் சின்னமும் அந்தப் பாட்டும் ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்துவிட்டன. வண்ணத் தொலைக்காட்சி வந்த புதிது என்பதும் ஒரு காரணம்.

2010 காமன்வெல்த் விழா அக்டோபர் 3 அன்று டெல்லி ஜவாஹர்லால் நேரு மைதானத்தில் நடந்தது. மைதானத்துக்கு மேல் ஒரு பெரிய ஹீலியம் பலூன் மிதந்தது. போட்டி ஏற்பாடுகளைப் பற்றி மாதக்கணக்கில் வந்த கெட்ட செய்திகளுக்குப் பிறகு, விழா எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது. பல மாநிலத் தாளவாத்தியங்கள் ஒன்றாக முழங்கின. நடுவே தபலா வாசித்த சிறுவன் கைதட்டலை அள்ளினான். செவ்வியல் நடனப் பகுதியில் பரதநாட்டியத்துக்கு சரோஜா வைத்தியநாதன் பொறுப்பேற்றார்.

குறையும் அங்கேதான். நாட்டின் எல்லாப் பகுதிக்கும் இடம் தர வேண்டும் என்ற எண்ணத்தில் எதுவும் ஊன்றி நிற்க நேரம் கிடைக்கவில்லை. செண்டையின் அழகு அது மெல்லத் தொடங்கிப் படிப்படியாக உச்சம் ஏறுவதில் இருக்கிறது. உச்சத்தை மட்டும் வெட்டி எடுத்து வைத்தால் சத்தம்தான் மிஞ்சும். நாட்டின் பன்மையை மரியாதையாகக் காட்ட எல்லாவற்றையும் ஒரே இரவில் காட்டத் தேவையில்லை.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய நிகழ்வு 2022 செஸ் ஒலிம்பியாட். போட்டி மாமல்லபுரத்தில், தொடக்க விழா ஜூலை 28 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில். வேட்டி கட்டிய குதிரை ‘தம்பி’ சின்னம். கமல்ஹாசனின் குரலில் தமிழர் வரலாறு ஒலித்தது. லிடியன் நாதஸ்வரம் பியானோ வாசித்தார். வேட்டிக் குதிரை அருமையான தேர்வு. ஒரு பார்வையிலேயே சதுரங்கமும் ஊரும் தெரிந்துவிடுகின்றன.

மாற்றுத்திறன் கொண்ட இசைக் கலைஞர்களுக்கு இந்த விழாக்களில் இடம் உண்டா?

உண்டு, ஓரத்தில் அல்ல. லண்டனில் முரசுகளை வழிநடத்திய கிளென்னி சிறுவயதிலேயே கேட்கும் திறனைப் பெரும்பாலும் இழந்தவர். உடலில் படும் அதிர்வின் வழியே இசையைக் கேட்பவர். அதே விழாவில் பிரிட்டனின் தேசிய கீதத்தைக் காது கேட்கும் குழந்தைகளும் கேளாத குழந்தைகளும் சேர்ந்து, பாட்டாகவும் சைகை மொழியாகவும் தந்தார்கள். 2016 ரியோ பாராலிம்பிக் விழாவில் பிரேசில் கீதத்தைப் பியானோவில் வாசித்தவர் ஜுவாவ் கார்லோஸ் மார்ட்டின்ஸ். கைகளின் செயல்பாட்டைப் பெரிதும் இழந்த பிறகும் மிஞ்சிய விரல்களால் வாசித்தார்.

நிறைவு விழா ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

அதில் வீரர்கள் நாடு பிரிந்து வராமல் கலந்து வருகிறார்கள். 1956 மெல்பர்னில் 17 வயதுச் சீன ஆஸ்திரேலியச் சிறுவன் ஒருவன் எழுதிய கடிதத்திலிருந்து பிறந்த வழக்கம் இது. இசையும் தளர்வாக, விடைபெறும் தன்மையில் இருக்கும். 1980 மாஸ்கோவில் போட்டியின் சின்னமான மீஷா கரடி பலூன்களோடு வானில் ஏறியபோது ஒலித்த, இசையமைப்பாளர் பாஹ்முதோவாவின் பாட்டை அந்த நாட்டில் வளர்ந்தவர்கள் இன்றும் பாடுவார்கள்.

பழைய விழாக்களை எங்கே பார்க்கலாம்? எதைக் கவனிக்கலாம்?

பல விழாக்கள் முழுமையாகவே ஒலிம்பிக் அமைப்பின் யூடியூப் பக்கத்தில் கிடைக்கின்றன. சுருக்கத் தொகுப்புகளை விட்டுவிடுங்கள். அவற்றில் வாணவேடிக்கையும் ஜோதியும்தான் இருக்கும். முதலில் பார்சிலோனாவையும் லண்டனையும் பாருங்கள், அடுத்து பியோங்சாங்கின் அரிராங் பகுதி. வாத்தியக்காரர் வரும்போது முகத்தைவிடக் கையைக் கவனியுங்கள். விரலும் குச்சியும் ஓசையோடு பொருந்துகின்றனவா, பழகிய கையா, கொடுத்த கருவியைப் பிடித்து நிற்கும் கையா என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். ஒரு நாட்டுப்புறக் கலைஞருக்கு எத்தனை நொடி கொடுத்தார்கள், அவர் பாட்டை முடிக்க விட்டார்களா, திரையில் அவர் பெயரைப் போட்டார்களா என்பதையும் பாருங்கள்.